குவாண்டம் இயக்கவியலைச் சிரிப்போடு சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் கற்பிப்பவர்கள், மேடையில் அறிவியல் பேசுபவர்கள், வீட்டில் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடுபவர்கள் என்று பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. வகுப்பில் பல வருடம் சொல்லிப் பார்த்து, சிலவற்றைக் கைவிட்டு, சிலவற்றைத் திருத்தி வைத்துக்கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

இவ்வளவு கடினமான பாடத்தில் நகைச்சுவைக்கு என்ன வேலை?

ஒரு துணுக்கு எப்படிச் சிரிக்க வைக்கிறது என்று பாருங்கள். முதல் பாதி நம் மனதில் ஓர் எதிர்பார்ப்பைக் கட்டுகிறது. கடைசி வரி அதை உடைக்கிறது. உடையும்போதுதான், அப்படி ஒன்றை எதிர்பார்த்திருந்தோம் என்பதே நமக்குத் தெரிகிறது.

அணுவும் எலக்ட்ரானும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் இயக்கவியலைப் படிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தவழும் வயதிலேயே அது மனதில் ஊறிவிட்டது. ஊறிப்போனதால் அது ஓர் அனுமானம் என்றுகூட நாம் நினைப்பதில்லை. எலக்ட்ரான் அதை மீறுகிறது என்று கேள்விப்படும் மாணவர், ஒன்று தனக்கு மூளை போதவில்லை என்று ஒதுங்கிவிடுவார். இல்லையென்றால் சிரித்துவிட்டு, "அது எப்படி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வரவழைக்கத்தான் நகைச்சுவை.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைக் காட்டுகிறது. குவாண்டம் வகுப்புக்குப் பேதைமையில் பிறக்கும் நகைதான் பொருந்தும் என்பது என் கருத்து. பந்தும் கல்லும் நாற்காலியும் மட்டுமே பழகிய நம் எல்லோருடைய பேதைமை அது. அதில் ஆசிரியரும் உண்டு, மாணவரும் உண்டு. எள்ளலைக் கொண்டுவந்தால் சிரிப்பு யாரோ ஒருவர் மேல் விழும்: விஞ்ஞானி உளறுகிறார் என்றோ, கேட்பவர் மந்தம் என்றோ. இரண்டுமே பாடத்தைக் கெடுக்கும்.

நல்ல ஒப்புமை ஒன்று சொன்னால் போதாதா?

ஒப்புமையில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது எங்கே பொருந்தாமல் போகிறது என்பதைத் தானாகச் சொல்லாது. "அணு ஒரு குட்டிச் சூரியக் குடும்பம்" என்ற ஒப்புமையைக் கேட்டவர்கள், எலக்ட்ரான் கோள் மாதிரி சுற்றுகிறது என்று வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருப்பார்கள். துணுக்கில் கேட்பவருக்கே ஒரு முறிவு இருப்பது தெரியும். அங்கே நின்று பேச இடம் கிடைக்கிறது.

ஒரு துணுக்கு உண்மையிலேயே இயற்பியலைச் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். துணுக்கில் 'குவாண்டம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மந்திரம்' என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் அது அப்படியே சிரிக்க வைத்தால், அதில் இயற்பியல் இல்லை. பொழுதுபோக்குக்குச் சொல்லலாம், பாடத்துக்கு உதவாது.

சோதனையில் தேறும் ஒன்று சொல்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்தது:

"அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். இடது வாசலை மட்டும் திறந்துவைத்தால் ஆள் வருகிறார். வலது வாசலை மட்டும் திறந்துவைத்தாலும் வருகிறார். இரண்டையும் திறந்துவைத்தால் யாருமே வருவதில்லை!"

கேட்டதும் சிரிப்பு வரும். வழி கூடினால் வரவும் கூடவேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. ஆனால் எலக்ட்ரான்களை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாகத் திரைக்கு அனுப்பும் இரட்டைப் பிளவுச் சோதனையில், திரையில் இருண்ட கோடு விழும் இடத்தில் எலக்ட்ரான் நடந்துகொள்வது அப்படியே இதுதான். மந்திரம் என்று மாற்றினால் துணுக்கு வலுவிழக்கும், ஏனென்றால் மந்திரத்தில் எதுவும் நடக்கலாம். இங்கே நடப்பது ஒரே ஒரு குறிப்பிட்ட விஷயம், அதற்குக் கணக்கும் இருக்கிறது.

கணக்கையும் உடனே காட்டிவிடுங்கள். ஒவ்வொரு வழிக்கும் 'வீச்சு' என்று ஓர் எண் உண்டு. அது எதிர்மறையாகவும் இருக்கலாம். வீச்சை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு கிடைக்கும். இடது வழியின் வீச்சு 1/2, வலது வழியின் வீச்சு −1/2 என்று வையுங்கள். தனித்தனியாகத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு 1/4. இரண்டையும் திறந்தால் 1/4-ம் 1/4-ம் சேர்ந்து 1/2 வரும் என்று நம் புத்தி சொல்கிறது. இயற்கையோ நிகழ்தகவைக் கூட்டுவதில்லை, வீச்சைக் கூட்டுகிறது. 1/2-ம் −1/2-ம் சேர்ந்தால் பூஜ்யம். அதன் வர்க்கமும் பூஜ்யம். ஆள் வரவில்லை!

குவாண்டம் இயக்கவியலில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அலை, துகள் என்ற சொல்லே இல்லாமல், பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவருக்கும் போய்ச் சேருகிறது.

ஷ்ரோடிங்கரின் பூனையைச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எர்வின் ஷ்ரோடிங்கர் 1935இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பூனை வருகிறது. எஃகுப் பெட்டிக்குள் ஒரு பூனை, துளியளவு கதிரியக்கப் பொருள், கதிரியக்கத்தைக் கண்டறியும் ஒரு கெய்கர் எண்ணி, ஒரு சுத்தியல், ஹைட்ரோசயனிக் அமிலம் உள்ள ஒரு குப்பி. ஒரு மணி நேரத்தில் ஓர் அணு சிதையலாம், அதே அளவு நிகழ்தகவோடு சிதையாமலும் இருக்கலாம். சிதைந்தால் சுத்தியல் விழுந்து குப்பி உடையும். பெட்டியைத் திறக்காதவரை, ஷ்ரோடிங்கரின் குவாண்டம் சமன்பாடு பூனையை உயிரும் சாவும் கலந்த நிலையில் எழுதிக்காட்டுகிறது. இதை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? மிகவும் கேலிக்கூத்தான நிலைமைகளையும் கட்டியமைக்க முடியும் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். அதாவது, பூனை ஒரு நையாண்டி. தன் சமன்பாடு தருவதை அப்படியே முழு உண்மை என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் நிற்போம், பாருங்கள் என்று காட்டினார்.

இன்று அதே பூனை, "குவாண்டம் உலகில் பூனை செத்தும் இருக்கும், உயிரோடும் இருக்கும்" என்று ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொல்லப்படுகிறது. நையாண்டி செய்தியாகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் ஷ்ரோடிங்கர் கேட்ட கேள்வி அதில் தொலைந்துபோகிறது. சின்ன உலகின் விதி பெரிய உலகுக்கு வரும் வழியில் எங்கே, எப்படி மாறுகிறது என்பதே அந்தக் கேள்வி.

பூனையைச் சொன்னதும் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நமக்குத் தெரியாது, சரி. பூனைக்குமா தெரியாது?" எல்லோரும் சிரித்தார்கள். அது அற்புதமான கேள்வி. யூஜின் விக்னர் என்ற இயற்பியலாளர் 1961இல் ஏறத்தாழ இதையேதான் எழுப்பினார்: பெட்டிக்குள் பூனைக்குப் பதில் ஒரு நண்பர் இருந்து அளவீடு செய்தால், வெளியே நிற்பவர் அவரை எப்படி விவரிப்பது? இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடும் விஷயம் அது. அன்றைய மீதிப் பாடத்தை அந்தக் கேள்வியே நடத்திவிட்டது.

பூனையை நிஜத்தில் அப்படி வைக்க முடியாததற்கு ஒரு பெரிய காரணம், அதன் உடம்பில் உள்ள எண்ணற்ற அணுக்கள் காற்றோடும் ஒளியோடும் வெப்பத்தோடும் ஓயாமல் உறவாடிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு மோதலும் பூனையின் நிலையைப் பற்றிய தகவலை வெளியே கொண்டுபோய்விடுகிறது. அதனால் வீச்சுகள் ஒன்றையொன்று அழிக்கும் அந்த விளையாட்டு நடப்பதில்லை. ஆனால் எல்லை எங்கே என்று தேடுவது நிற்கவில்லை. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறைக் குறுக்கிடச் செய்து, அதாவது அதன் வீச்சுகள் கூடியும் அழிந்தும் கோடுகள் விழச் செய்து, காட்டினார்கள். 2019 வாக்கில் 2000 அணுக்கள் வரை உள்ள மூலக்கூறுகளில் அதைச் செய்துவிட்டார்கள். பூனைக்கு இன்னும் வெகுதூரம்.

ஹைசன்பர்க்கைக் காவலர் நிறுத்தும் துணுக்கு சரியானதா?

பாதி சரி. தெரியாதவர்களுக்காக: நிச்சயமின்மைக் கொள்கையை வகுத்த இயற்பியலாளர் ஹைசன்பர்க் வேகமாக வண்டி ஓட்டிப் போகிறார். காவலர் நிறுத்தி, "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?" என்கிறார். "தெரியாது. ஆனால் எங்கே இருக்கிறேன் என்று மிகத் துல்லியமாகத் தெரியும்!" சிலர் இன்னும் ஒரு வரி சேர்ப்பார்கள். "மணிக்கு 140 கிலோமீட்டர்!" என்று காவலர் சொன்னதும் ஹைசன்பர்க் தலையில் கைவைத்து, "போச்சு! இப்போது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்கிறார்.

சரியான பாதி, ஜோடி. இடமும் உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கியது) ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை நெருக்கினால் மற்றது விரியும். 1927இல் ஹைசன்பர்க் சொன்னது இந்த ஜோடியைப் பற்றித்தான். "எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்று அவர் சொல்லவே இல்லை. துணுக்கு அந்த ஜோடியை மனதில் பதிய வைக்கிறது.

தவறான பாதி, 'தெரியும், தெரியாது' என்ற சொற்கள். வண்டிக்கு உள்ளே ஒரு நிஜமான வேகம் இருக்கிறது, ஓட்டுபவருக்குத்தான் தெரியவில்லை என்ற படத்தை அவை தருகின்றன. பாடநூல்களின் வழக்கமான விளக்கம் வேறு: இடம் துல்லியமாக உள்ள நிலையில், எலக்ட்ரானுக்குத் துல்லியமான உந்தம் என்று ஒன்று இல்லை. முன்பெல்லாம் நான் இந்தத் துணுக்கைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். தேர்வில் பலர், "நல்ல கருவி வந்தால் இந்தக் கொள்கை போய்விடும்" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது நான் சொன்ன துணுக்கின் நேரடி விளைவு. அதற்கப்புறம் எந்தத் துணுக்கையும், அது எங்கே உடைகிறது என்று சொல்லாமல் விட்டதில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அளவு. 1000 கிலோ வண்டியின் இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்குள் தெரிந்துகொண்டால், வேகத்தில் வர வேண்டிய குறைந்தபட்ச ஐயம் நொடிக்குச் சுமார் 5 × 10⁻³² மீட்டர். பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் முழுக்க அந்த வேகத்தில் நகர்ந்தாலும், ஓர் அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போயிருக்காது. அதே விதியை ஓர் அணுவின் அகலத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்குப் போட்டால், ஐயம் நொடிக்கு ஏறக்குறைய 580 கிலோமீட்டர்! காவலர் ஹைசன்பர்க்கைத் தாராளமாகத் தண்டிக்கலாம். எலக்ட்ரானைத்தான் முடியாது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் துணுக்கைவிடப் பெரிய சிரிப்பு வருகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஹைசன்பர்க் வாழ்விலேயே இதையொட்டி ஒரு நிகழ்ச்சி உண்டு. 1923இல் முனிச்சில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், வில்ஹெல்ம் வீன் அவரிடம் நுண்ணோக்கியின் பகுதிறன் (நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) பற்றிக் கேட்டார். ஹைசன்பர்க்கால் பதில் சொல்ல முடியவில்லை, தேர்ச்சி பெறுவதே பெரும்பாடாகிவிட்டது. நான்கு வருடம் கழித்து, தன் கொள்கையை விளக்க அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு கற்பனை நுண்ணோக்கியைத்தான். அதில் பகுதிறனைக் கையாண்ட விதத்தில் தவறு இருப்பதை இயற்பியலாளர் நீல்ஸ் போர் சுட்டிக்காட்டினார். அஞ்சி நிற்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள்.

குவாண்டம் பின்னலுக்கு ஏற்ற நகைச்சுவை உண்டா?

உண்டு. ஜான் பெல் என்ற இயற்பியலாளரே தந்த ஒன்று. அவரோடு பணியாற்றிய ரைன்ஹோல்ட் பெர்ட்ல்மான் என்றும் இரண்டு கால்களுக்கு இரண்டு நிறத்தில் காலுறை போடுவார். ஒரு காலில் இளஞ்சிவப்பு தெரிந்தால், மறுகாலைப் பார்க்காமலே அது இளஞ்சிவப்பு இல்லை என்று சொல்லிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் பெல் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்டது இதுதான்: பின்னப்பட்ட இரண்டு துகள்கள் வெகுதூரம் பிரிந்தபின்னும் ஒத்துப்போகின்றன என்கிறார்களே, அது வெறும் காலுறை விவகாரம்தானா?

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, "ஆமாம், பின்னல் என்றால் இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெல்லின் வாதம் நேர் எதிரானது. காலுறையின் நிறம் காலையிலேயே முடிவாகிவிட்டது. துகள்களின் விடைகள் அப்படி முன்பே முடிவாகியிருந்தால், ஒற்றுமைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தாகவேண்டும் என்று அவர் 1964இலேயே நிறுவியிருந்தார்.

அந்த வரம்பை ஒரு விளையாட்டாக வகுப்பில் ஆடிக்காட்டலாம். அண்ணனும் தங்கையும் தனித்தனி அறையில் இருக்கிறார்கள், பேசிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரிடமும் 'அ', 'ஆ' என்ற இரண்டு கேள்விகளில் ஒன்று குருட்டாம்போக்கில் கேட்கப்படும். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. இருவரின் பதிலும் ஒன்றாக இருந்தால் வெற்றி. ஆனால் இருவருக்குமே 'ஆ' வந்துவிட்டால் மட்டும் பதில்கள் மாறுபட வேண்டும். முன்கூட்டியே எவ்வளவு சதி செய்துகொண்டு போனாலும் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. மாணவர்களை ஆடவிடுங்கள். விதவிதமான தந்திரங்களோடு வந்து தோற்பார்கள், வகுப்பு அதிரும். அப்புறம் சொல்லுங்கள்: பின்னப்பட்ட துகள்களைக் கையில் கொடுத்தால் இதே ஆட்டத்தில் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கலாம்.

சிரிப்பு அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அதற்காகத்தான் இத்தனை நேரம் ஆடியது.

அந்தப் பத்து சதவீத வித்தியாசத்தைச் சோதனைச்சாலையில் உறுதிசெய்தவர்களுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது: அலாய்ன் அஸ்பே, ஜான் கிளவ்சர், அன்டோன் சைலிங்கர். இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தங்கையின் பதிலை மட்டும் பார்த்தால் அது வெறும் பூவா தலையா. இருவரின் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஒற்றுமை தெரியும்.

எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) எப்படி விளக்குவது?

"ஒரு பந்து சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பந்து இல்லை, சுழலவும் இல்லை." இணையத்தில் பலகாலமாக உலவும் துணுக்கு இது. மிகத் துல்லியமானதும்கூட. எலக்ட்ரானை நிஜப் பந்தாகக் கணக்கிட்டால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகச் சுழலவேண்டி வரும். 1925இல் உலன்பெக்கும் ஹவுட்ஸ்மிட்டும் இந்தக் கருத்தை வைத்தபோதே அந்த மறுப்பு எழுந்தது. படம் தப்பு, கருத்து சரி என்று ஆனது. துணுக்கைச் சொல்லி, இந்த வரலாற்றையும் சொன்னால் போதும்.

'குவாண்டம் பாய்ச்சல்' என்று செய்திகளில் வருகிறதே?

பெரிய முன்னேற்றம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் கீழ் மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் போக 10.2 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். கண்ணிமைக்கச் செலவாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால்கூட அது ஒன்றுமே இல்லை. ஆனால் இடையில் நிற்கும் படி கிடையாது, அதுதான் விசேஷம். இந்த முரண்பாட்டை ஒரு நிமிடத்தில் சொல்லிச் சிரிக்க வைக்கலாம்.

சுவரில் முட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் மறுபக்கம் போய்விடலாம் என்கிறார்களே?

தாண்டப் போதுமான ஆற்றல் இல்லாமலே எலக்ட்ரான் ஒரு தடையின் மறுபக்கம் போய்விடுவதை வைத்துக் கட்டிய துணுக்கு இது. நான் சொல்வதில்லை. 'ஒருநாள்' என்ற சொல் கேட்பவரை ஏமாற்றுகிறது. பிரபஞ்சத்தின் வயதைப் போல எத்தனை மடங்கு காத்திருந்தாலும் நடக்காத ஒன்றை, பொறுமையிருந்தால் நடக்கும் என்பதுபோல் அது காட்டுகிறது. தமிழில் 'சுரங்க விளைவு' என்று மொழிபெயர்ப்பதும் துளை போடும் படத்தைத் தருகிறது. எலக்ட்ரான் எதையும் தோண்டுவதில்லை. நான் 'ஊடுருவல்' என்றே சொல்கிறேன்.

அதற்குப் பதில் நுண்ணோக்கியைச் சொல்லலாம். பின்னிக்கும் ரோரரும் 1981இல் உருவாக்கிய ஊடுருவல் நுண்ணோக்கியில், கூர்முனைக்கும் பரப்புக்கும் இடையில் உள்ள வெற்றிடம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அதிகமானாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அவ்வளவு மென்மையான வித்தை! அப்புறம் சூரியன். அதன் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பம் இருந்தும், இரண்டு புரோட்டான்கள் மின்விலக்கத்தை மீறி ஒட்டிக்கொள்ள அது போதாது. ஊடுருவல் இருப்பதால்தான் சூரியன் எரிகிறது.

விஞ்ஞானிகளே இப்படிச் சிரித்திருக்கிறார்களா?

இந்தத் துறையைக் கட்டியவர்கள் நிறையச் சிரித்தவர்கள். உல்ஃப்காங் பௌலி 1930 டிசம்பர் 4இல் ஒரு கடிதம் எழுதினார். "அன்பான கதிரியக்கப் பெண்மணிகளே, கனவான்களே" என்று தொடங்குகிறது. அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டாச் சிதைவில் காணாமல்போகும் ஆற்றலைச் சரிக்கட்ட, யாரும் பார்த்திராத ஒரு துகளை அதில் முன்வைக்கிறார். கூட்டத்துக்குத் தன்னால் வர முடியாது, சூரிச்சில் ஒரு நடன விழா இருக்கிறது என்றும் எழுதுகிறார். அந்தத் துகள்தான் நியூட்ரினோ. 1956இல் அதைப் பிடித்தார்கள்.

இடையில் 1932இல், கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில், இளம் இயற்பியலாளர்கள், சாத்தான் ஓர் அறிஞரை மயக்கும் கோதேயின் நாடகமான ஃபவுஸ்ட்டைப் பகடியாக நடித்தார்கள். கோதே மறைந்து நூறாவது ஆண்டு அது. பெரும்பகுதியை எழுதியவர் மாக்ஸ் டெல்புரூக். கடவுள் பாத்திரம் நீல்ஸ் போர், சாத்தான் பாத்திரம் பௌலி, ஃபவுஸ்ட்டாக இயற்பியலாளர் எரன்ஃபெஸ்ட், அவரை மயக்க வரும் கிரெட்சனாக நியூட்ரினோ! நம்ப மறுப்பவர் தலையில் ஒரு புதுத் துகளைக் கட்டப் பார்க்கும் சாத்தான் என்பது அன்றைய இயற்பியல் விவாதத்தின் சரியான சித்திரம்.

சொற்களிலும் இந்தச் சிரிப்பு தங்கியிருக்கிறது. துகள் மோதல்களை அளக்கும் 'பார்ன்' என்ற அலகுக்கு ஆங்கிலத்தில் கொட்டகை என்று பொருள். யுரேனியம் அணுக்கரு குறிதவறாத அளவுக்குக் கொட்டகை போலப் பெரிது என்று 1942இல் வேடிக்கையாக வைத்த பெயர். அந்தக் கொட்டகையின் பரப்பு 10⁻²⁸ சதுர மீட்டர். 1977இல் ஜான் எல்லிஸ் ஓர் அம்பெறி விளையாட்டுப் பந்தயத்தில் தோற்று, அடுத்த கட்டுரையில் 'பென்குவின்' என்ற சொல்லை நுழைக்கவேண்டி வந்தது. குவார்க் என்ற அடிப்படைத் துகள்களின் மாற்றங்களைக் காட்டும் ஒருவகைப் படத்துக்கு அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

தமிழில் சொல்லும்போது இந்தத் துணுக்குகள் எடுபடுமா?

சூழ்நிலையில் பிறக்கும் நகைச்சுவை எந்த மொழிக்கும் வரும். சொல்லில் பிறப்பது வராது. ஆங்கிலச் சிலேடையை மொழிபெயர்த்து, அடியில் விளக்கம் எழுதிச் சிரிக்கச் சொல்வது கேட்பவரைத் துன்புறுத்துவது. அதை விட்டுவிட்டு நம் சொற்களைப் பாருங்கள், அவற்றில் நிறைய இருக்கிறது.

'அலை' என்றால் அலை. 'அலை' என்றால் திரி, சுற்று என்றும் பொருள். "எலக்ட்ரான் ஏன் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது? அது அலை, அதனால் அலைகிறது." ஒரு குழந்தைக்கும் இது புரியும், உள்ளே விஷயமும் இருக்கிறது: அலையை ஒரு புள்ளியில் நிறுத்தி வைக்க முடியாது. அதேபோல் 'பொருள்'. பருப்பொருளுக்கும் அர்த்தத்துக்கும் நம்மிடம் ஒரே சொல். "பொருளை உடைத்து உடைத்து உள்ளே போனார்கள். கடைசியில் சமன்பாடு கிடைத்தது, அதற்குத்தான் பொருள் தெரியவில்லை." குவாண்டம் இயக்கவியலின் விளக்கங்களைப் பற்றி நூறாண்டாக நடக்கும் சர்ச்சை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. தமிழில் இதை இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவது எனக்குப் பெருமை.

எந்தமாதிரி நகைச்சுவையைத் தவிர்க்க வேண்டும்?

"குவாண்டம் இயக்கவியல் யாருக்குமே புரியாது" என்ற வகை. ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1964இல் கோர்னெல் பல்கலைக்கழக உரையில் அப்படிச் சொன்னது உண்மை. சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. இயற்கை எப்படி நடந்துகொள்கிறது என்று மீதி உரை முழுக்க விளக்கினார். "இது எப்படி இப்படி இருக்க முடியும் என்று கேட்டு முடங்கிவிடாதீர்கள்" என்பதே அவர் சொன்னதன் சாரம். முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்துச் சொன்னால், மாணவருக்கு அது புத்தகத்தை மூடிவைக்க அனுமதி.

விதியோடும் குணமாக்கலோடும் மன சக்தியோடும் குவாண்டத்தைக் கலக்கும் வேடிக்கைகளையும் தொடாதீர்கள். சொல்பவர் விளையாட்டுக்குச் சொல்வார், கேட்பவர் நம்பிவிடுவார்.

சிரித்தார்கள். புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துணுக்கின் அடுத்த வரியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாசல் வீட்டுத் துணுக்குக்கு ஒரு மாணவன் எழுதியது: "வாசலில் ஒரு காவலாளியை வைத்து, யார் எந்த வழியாக வருகிறார் என்று குறித்துக்கொள்ளச் சொன்னோம். உடனே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்." எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று கண்டறிந்தால் குறுக்கீட்டு வரிகள் மறைந்துவிடும் என்பதை நான் அதுவரை சொல்லவே இல்லை. வீச்சுக் கணக்கிலிருந்து அவனே அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். சிரிப்பொலியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு நகைச்சுவையாகப் பேச வராது. என்ன செய்வது?

வரலாற்றை நிதானமாகச் சொன்னாலே போதும், சிரிப்பு தானாக வரும். இப்படித் தொடங்குங்கள். ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைக் கண்டறிந்து, அது ஒரு துகள் என்று காட்டினார். 1906இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மகன் ஜி. பி. தாம்சன், எலக்ட்ரான் அலைபோல விளிம்பு விளைவு (தடையின் விளிம்பில் வளைந்து பரவுவது) காட்டுகிறது என்று நிறுவினார். 1937இல் டேவிசனோடு சேர்ந்து அவரும் நோபல் பரிசு பெற்றார். இரண்டு பரிசும் ஒரே குடும்பத்தில், இருவர் சொன்னதும் சரி.

வகுப்பு சிரித்து முடிக்கட்டும். பிறகு தோனோமுராவும் அவருடைய குழுவினரும் 1989இல் எடுத்த படங்களைத் திரையில் போடுங்கள். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், அப்பாவின் துகள்கள். சில நூறு ஆனபிறகும் வெறும் சிதறல்தான். ஆயிரக்கணக்கில் சேரும்போது மெல்லக் கோடுகள் எழுகின்றன, மகனின் அலைகள். அந்தக் கோடுகள் தெளிவாகும்வரை நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.